புது பல்பு, பழைய மங்கல்

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) விடியுமுன்னே திருப்புவனம் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் சீமைக்கருவேலம். தெருவிளக்கு என்று ஒன்று அடுத்த ஊரில்தான். வண்டியின் முகப்பு விளக்கோ பத்தடிக்கு மேல் போகமாட்டேன் என்று மஞ்சளாக வழிகிறது. ஓட்டுநர் போன வாரம்தான் பல்பு மாற்றினார், நல்ல கம்பெனி பல்பு. பேட்டரியைப் பார்த்தாயிற்று, வயரைப் பார்த்தாயிற்று. ஒன்றும் பிடிபடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: “பல்பு நல்லாத்தான் எரியுது அண்ணே, ரிஃப்ளெக்டர் போயிருச்சு.”

போயிருச்சு என்றால் எப்படி? பல்பு எரிகிறது, அதனால் ஒருநாள் தீர்ந்துபோகிறது. டயர் ஓடுகிறது, தேய்கிறது. ரிஃப்ளெக்டர் எதுவும் செய்வதில்லை. பல்புக்குப் பின்னால் ஒரு பளபளப்பான கிண்ணமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருக்கும் பொருள் எப்படிக் கெட்டுப்போகும்?

இன்னொரு கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். எரிகிற பல்பைத் தொட்டால் கை கொப்பளித்துவிடும். அதை ஒட்டி இருக்கும் கிண்ணம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது ஏன் உருகி வழிவதில்லை? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

கிண்ணத்தின் வேலை

பல்புக்குத் திசை தெரியாது. அதன் இழை மேலே, கீழே, பின்னே என்று எல்லாப் பக்கமும் ஒளியை இறைக்கிறது. பின்னால் ஒன்றும் இல்லாமல் வெறும் பல்பை வண்டியின் மூக்கில் மாட்டினால், வெளிச்சத்தில் சிறு பங்குதான் சாலைக்கு வரும். மிச்சம் மரத்துக்கும் வானத்துக்கும் எஞ்சினுக்கும் போய்விடும். காமாட்சி விளக்கில் சுடருக்குப் பின்னால் நிற்கும் பித்தளைத் தகட்டைப் பாருங்கள். கஜலட்சுமி உருவத்துக்காக வைத்ததாகவே இருக்கட்டும். துலக்கி வைத்த நாளில் அந்தத் தகடு பின்பக்கம் போகும் வெளிச்சத்தையும் முன்னால் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது.

வண்டி விளக்கின் கிண்ணம் இதையே கணக்குப் போட்டுச் செய்கிறது. அதன் வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். இந்த வளைவுக்குள் குவியம் என்று ஒரு புள்ளி உண்டு. விளக்கை அங்கே வைத்தால், கிண்ணத்தின் எந்த மூலையில் பட்ட ஒளியும் ஒரே திசையில் இணையாகக் கிளம்பும். சாலையில் நாம் பார்க்கும் வெளிச்சத்தில் பெரும்பங்கு பல்பிலிருந்து நேராக வந்ததல்ல. கிண்ணத்தில் பட்டுத் திரும்பியது. இந்தக் கிண்ணத்தை ‘எதிரொளிப்பான்’ என்று தமிழில் சொல்லலாம். ஆனால் பட்டறையில் அந்தப் பெயர் செல்லாது. ரிஃப்ளெக்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

இதில் துல்லியம் எவ்வளவு முக்கியம் தெரியுமா? கிண்ணத்தின் அடியிலிருந்து குவியத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பல்பின் இழை தன் இடத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25-க்கு 1 என்ற அதே விகிதத்தில் ஒளியும் விலகும். 50 மீட்டர் தூரத்தில் அது 2 மீட்டர்! சாலையில் விழவேண்டியது எதிரே வருபவர் கண்ணில் விழும். கிண்ணமே சற்று நெளிந்தால் நிலைமை இன்னும் மோசம். சின்ன வயதில் கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கையை இம்மியளவு அசைத்தாலே சுவரில் வெளிச்சம் தாவி ஓடும். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் ஒளி இரண்டு டிகிரி திரும்புகிறது.

ஆக, ரிஃப்ளெக்டருக்கு இரண்டு கடமை. பளபளப்பு போகக்கூடாது, வடிவம் மாறக்கூடாது. இரண்டையும் கெடுக்கக்கூடியது சூடு.

55 வாட் எங்கே போகிறது?

இந்த வகை வண்டிகளில் பரவலாக இருப்பது ‘எச் 4’ என்கிற ஹாலஜன் பல்பு. அதற்குள் இரண்டு இழைகள். தூரத்து வெளிச்சத்துக்கு 60 வாட், டிம் வெளிச்சத்துக்கு 55 வாட். இழையின் சூடு 3,000 டிகிரி செல்சியஸுக்குச் சற்றே கீழே. ஆனால் இவ்வளவு சூடேற்றியும் நாம் கொடுக்கும் மின்சாரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுவது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மிச்சமெல்லாம் வெப்பம். அதிலும் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். நேர்மையாகப் பார்த்தால் ஹாலஜன் பல்பு என்பது கொஞ்சம் வெளிச்சமும் தருகிற அடுப்புதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சூட்டில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை ஹாலஜன் வாயு பிடித்து மறுபடி இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பல்பின் கண்ணாடி கருக்காமல் இருப்பது இதனால்தான். இந்தச் சுழற்சி நடக்கவேண்டுமென்றால் கண்ணாடிக் குழல் 250 டிகிரிக்கு மேலேயே இருந்தாகவேண்டும். அதாவது இந்தப் பல்பு சூடாக இருப்பது குறை அல்ல, அதன் பிழைப்பு. பல்பைக் குளிர்வித்துக் கிண்ணத்தைக் காப்பாற்றலாம் என்ற வழி இங்கே அடைபட்டுவிட்டது.

இரண்டு வாட் ஆறு வாட் ஆன கதை

இனி நம் குட்டியானையின் விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். டிம் இழையின் 55 வாட்டில் 20 வாட் கதிர்வீச்சு ரிஃப்ளெக்டர்மேல் விழுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒளியும் வெப்பக் கதிரும் சேர்ந்த கணக்கு இது.

ரிஃப்ளெக்டர் புதிது. அலுமினியப் பூச்சு தன்மேல் விழுவதில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 20 வாட்டில் 18 வாட் வெளியே போகிறது. கிண்ணம் விழுங்குவது வெறும் 2 வாட். உருகாமல் இருக்கும் ரகசியம் இதுதான். பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுவது அதன் உறுதி மட்டுமல்ல. தன்மேல் வந்ததை வாங்கிக்கொள்ளாத பளபளப்பும்தான்.

சில வருடம் ஓடிவிட்டது. தூசி, ஈரம், சூடு எல்லாம் சேர்ந்து பளபளப்பு 70 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இப்போது வெளியே போவது 14 வாட். பதினெட்டு பதினான்கு ஆகியிருக்கிறது, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. நம் கண் சாமானியப்பட்டதல்ல, இவ்வளவு குறைவை எளிதில் சமாளித்துவிடும். தினமும் ஓட்டுகிற ஓட்டுநருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் கிண்ணத்தின் பக்கமிருந்து பாருங்கள். அது விழுங்குவது இப்போது 6 வாட். முன்பு 2. மூன்று மடங்கு!

வெளிச்சம் கொஞ்சம்தான் குறைகிறது, சூடு மும்மடங்காகிறது. சூடு கூடினால் பூச்சு இன்னும் வேகமாகக் கெடும். பூச்சு கெட்டால் இன்னும் அதிகம் விழுங்கும். பளபளப்பு 50 விழுக்காட்டுக்கு வந்தால் விழுங்குவது 10 வாட், ஐந்து மடங்கு. அதனால்தான் ரிஃப்ளெக்டர் பல வருடம் நன்றாக இருந்துவிட்டுக் கடைசியில் சில மாதங்களில் சடாரென்று போய்விடுகிறது. சூட்டைத் தாங்கும் ரிஃப்ளெக்டர் செய்வது என்றால் முதலில் சூட்டை வாங்காத ரிஃப்ளெக்டர் செய்வது என்று பொருள். வடிவமைப்பவர்களின் பாடு முழுக்க இந்த முதல் சரிவைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது.

பல்பு மாற்றியும் பயனில்லாமல் போன நம் ஓட்டுநர் அடுத்துச் செய்யக்கூடியது என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வதுதான்: அதிக வாட் பல்பு. 60/55-க்குப் பதில் 100/90. இப்போது கிண்ணத்தின்மேல் 20-க்குப் பதில் ஏறக்குறைய 33 வாட் விழும். 70 விழுக்காடு பளபளப்பில் வெளியே வருவது 23 வாட். புது ரிஃப்ளெக்டர் தந்ததைவிடவும் அதிகம். அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். உள்ளே கிண்ணம் 10 வாட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்காது. வயரும் ஹோல்டரும் இளகுவது தனிக்கதை.

மேல்பாதியின் தலையெழுத்து

கெட்டுப்போன ரிஃப்ளெக்டரைக் கழற்றிப் பார்த்தால் மங்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. பல்புக்கு நேர்மேலே ஒரு சாம்பல் திட்டு, சிலவற்றில் பழுப்பேறிய கறை, அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கும். சூடான காற்று மேலே ஏறும் என்பது காரணத்தில் பாதி.

மீதிப் பாதி சுவையானது. டிம் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் படாமல் கீழ்நோக்கி விழவேண்டும். அதற்காக எச் 4 பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டு மறைப்பு வைத்திருக்கிறார்கள். இழையின் ஒளி கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அது தடுத்துவிடும். மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழே சாய்ந்து சாலைக்கு வருகிறது. ஊருக்குள்ளும் எதிரே வண்டி வரும் நெடுஞ்சாலையிலும் நாம் எரிப்பது டிம்தான். ஆக, எந்தப் பாதி அதிகம் வேகிறதோ அந்தப் பாதியை நம்பித்தான் நம் அன்றாட வெளிச்சம் இருக்கிறது. “ஹை பீம் பரவாயில்ல, டிம்முதான் சுத்தமா இல்ல” என்று ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இது.

வெள்ளிக்கு ஏன் வேலை போயிற்று

பளபளப்புதான் எல்லாம் என்றால், உலோகங்களிலேயே அதிகம் மின்னுகிற வெள்ளியை ஏன் பூசவில்லை? முன்பு பூசினார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிற கல்தூண் 1844-இல் எரியத் தொடங்கிய கலங்கரை விளக்கம். எண்ணெய் எரியும் ஆர்கண்ட் விளக்குகளும் அவற்றின் பின்னால் ரிஃப்ளெக்டர்களும்தான் அங்கே வங்கக் கடலுக்கு வெளிச்சம் காட்டின. அந்தக் காலத்துக் கலங்கரை விளக்கங்களில் செம்புக் கிண்ணத்தில் வெள்ளி ஏற்றிப் பரவளையமாகத் தட்டிச் செய்வார்கள். தினமும் புகைக்கரியைத் துடைத்து மெருகேற்றியாகவேண்டும். துடைக்கத் துடைக்க வெள்ளியே தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 95 விழுக்காட்டுக்கு மேல் திருப்புவது வெள்ளி. ஆனால் காற்றில் கந்தக வாயு துளி இருந்தாலும் கருத்துவிடும். கொலுசு கருப்பதற்கும் அதுவே காரணம். மேலே கண்ட கணக்கின்படி கருத்த கண்ணாடி சூட்டை விழுங்கும் கண்ணாடி. அலுமினியம் 90-லேயே நிற்கிறது, ஆனால் நின்றுகொண்டே இருக்கிறது. காற்று பட்ட உடனே அதன்மேல் கண்ணாடிபோல் தெளிவான, மிக மெல்லிய ஆக்சைடுத் தோல் படர்ந்து உள்ளிருப்பதைக் காக்கிறது. முதல் நாள் 96 மார்க் வாங்கி அடுத்த வருடம் 60-க்கு இறங்குபவரைவிட எப்போதும் 90 எடுப்பவரே மேல். 1930-களில் வானியலாளர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள். வெள்ளி பூசிய தொலைநோக்கி ஆடிகளுக்கு அலுமினியம் பூச ஆரம்பித்தார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியிலும் மின்னுவது அலுமினியமே.

குட்டியானை விளக்குக்கும் காவலூர் ஆடிக்கும் பூச்சு போடும் முறையும் ஒன்றுதான். காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறைக்குள் கிண்ணங்களை மாட்டுவார்கள். நடுவில் டங்ஸ்டன் கம்பிச் சுருளில் அலுமினியத் துண்டுகள். கம்பியைச் சூடேற்றினால் அலுமினியம் உருகி, அதற்கும் மேல் சூடேற ஆவியாகி, குளிர்ந்த கிண்ணத்தின்மேல் படியும். ஆவிப்பூச்சு எனலாம். படியும் தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் எழுநூறில் ஒரு பங்கு. விளக்குக்கு இதன்மேல் இன்னும் மெல்லிய ஒரு காப்புப் படலமும் போடுவார்கள். நாம் பனியன் துணியால் தேய்த்துத் துடைப்பது இந்தத் தோலைத்தான்.

கிண்ணத்தை எதில் செய்வது?

பூச்சு மின்னினால் போதாது. அடியில் இருப்பது நெளியக்கூடாது. இரும்புத் தகடு சூட்டைத் தாங்கும், துருப்பிடிக்கும். கண்ணாடி எல்லாவற்றையும் தாங்கும், கல் பட்டால் உடையும், எடையும் அதிகம். அமெரிக்காவில் 1940 வாக்கில் ஒரு முரட்டு யோசனை வந்தது. இழை, கண்ணாடிக் கிண்ணம், முன்கண்ணாடி எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிச் சீல் வைத்துவிட்டார்கள். ‘சீல்டு பீம்’ என்று பெயர். உள்ளே காற்றே போகாததால் பூச்சு மங்குவதில்லை. என் பார்வையில் நீடித்துழைப்பதில் இதை மிஞ்சிய விளக்கு அதன்பின் வரவில்லை. ஆனால் இழை அறுந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போடவேண்டும். வண்டியின் முகத்துக்கு ஏற்ற வடிவத்திலும் வார்க்க முடியாது.

சாதாரணமாக உறுதியான பிளாஸ்டிக் என்று பேர் வாங்கிய பாலிகார்பனேட் 145 டிகிரி வாக்கில் இளகிவிடும். சூட்டில் விரிவதும் அதிகம். 15 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டர் பெரிதாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். அலுமினியம் இதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அடியில் இருப்பது ஒரு அளவு விரிய, மேலே பூசியது இன்னொரு அளவு விரிந்தால், விளக்கை ஏற்றி அணைக்கும் ஒவ்வொரு முறையும் பூச்சு இழுபட்டு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும்.

ஹாலஜன் விளக்குகளுக்குத் தொழிற்சாலைகள் பெரிதும் நாடியது வேறொரு கலவை. பாலியெஸ்டர் பிசின், நறுக்கிய கண்ணாடி இழை, கால்சியம் கார்பனேட் பொடி மூன்றையும் மாவாகப் பிசைந்து சூடான அச்சில் அழுத்துவார்கள். ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. 200 டிகிரியிலும் வடிவம் நிற்கும். முக்கியமாக, அது விரிவதும் அலுமினியம் விரிவதும் ஏறக்குறைய ஒரே அளவு. கால்சியம் கார்பனேட் என்றதும் ஏதோ மருந்துக்கடைச் சரக்கு என்று எண்ணவேண்டாம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் அதுவேதான். விளக்குக் கிண்ணத்தின் எடையில் கணிசமான பங்கு கல்பொடி.

திருவிழாவும் டூரிங் கொட்டகையும்

பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். அங்கே கம்பத்தில் கட்டிய ஃபோகஸ் லைட்டில் எரிந்தது ஆயிரம் வாட் ஹாலஜன் குழல். பிளாஸ்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. தூய அலுமினியத் தகட்டை மெருகேற்றி, அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். இயற்கையாகப் படரும் ஆக்சைடுத் தோல் இங்கே ஆயிரம் மடங்குக்கு மேல் தடித்து வளரும். இதுதான் அனோடைசிங். மாணிக்கக் கல்லும் அடிப்படையில் இதே அலுமினிய ஆக்சைடுதான் என்பதால் கடினத்துக்குக் குறைவில்லை. மழையில் நனைந்தாலும் ஈசல் விழுந்து கருகினாலும் கழுவித் துடைத்து மறுபடி கட்டலாம். நூறு டிகிரிக்கு மேல் போனால் ஆக்சைடில் நுண்ணிய வெடிப்புகள் விழும். ஆனாலும் பளபளப்பு பெரிதாகக் குறையாது. மின்சாரத்தையும் உலோகத்தையும் வைத்து இப்படி வித்தை காட்டும் துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தர, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது.

ஃபோகஸ் லைட் வருவதற்கு முன் அதே நாடக மேடையில் தொங்கிய பெட்ரோமாக்ஸின் குடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை எனாமல். கண்ணாடிப் பொடியைத் தகட்டில் பூசி 800 டிகிரி வாக்கில் சுட்டெடுத்தது. சூட்டைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. ஆனால் வெள்ளை எனாமல் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். மேடை முழுக்கப் பரவவேண்டிய வெளிச்சத்துக்கு அது சரி. வண்டிக்குச் சரிப்படாது. மங்கிய ரிஃப்ளெக்டருக்குச் சிலர் சில்வர் பெயிண்ட் அடிக்கிறார்களே, அதில் நடப்பது இதுதான். பெயிண்டில் உள்ள அலுமினியச் செதில்கள் ஆளுக்கொரு திசையில் படுத்திருக்கும். கிண்ணம் பார்க்கப் பளபளக்கும், சாலையில் வெளிச்சம் இருக்காது, எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

சூட்டோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டியவர்கள் டூரிங் கொட்டகை ஆபரேட்டர்கள். புரொஜக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்வில் எரியும். நேர்முனைக் குழியின் சூடு 3,500 டிகிரிக்கும் மேல். பின்னால் நிற்கும் வட்டக் கண்ணாடி அந்த ஒளியைத் திரட்டித் தபால்தலை அளவே உள்ள ஃபிலிம் சட்டத்தின்மேல் குவிக்கும். ஒளியோடு வெப்பமும் வரும். ஃபிலிம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிழைத்தது. சிக்கி நின்றால் திரையில் கதாநாயகன் முகத்தில் பழுப்பாக ஓட்டை விழுந்து விரியும். கொட்டகையே விசிலடிக்கும். கார்பன் குச்சியின் செம்பு உறையும் உருகித் தெறித்துக் கண்ணாடியில் அம்மைத் தழும்புபோல் குழி போட்டுவைக்கும்.

இந்தத் தொல்லைக்கு ஒளியியலார் கண்ட விடை எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. ஒளியை மட்டும் திருப்பி, வெப்பத்தைத் திருப்பாமல் விட்டுவிடும் கண்ணாடி! உலோகமே கிடையாது. ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும் இரண்டு ஒளிபுகு பொருட்களை, மாற்றி மாற்றி, இருபதுக்கும் மேற்பட்ட மெல்லிய அடுக்குகளாகக் கண்ணாடிமேல் பூசுவார்கள். மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வண்ணம் தெரிவது எந்தக் காரணத்தாலோ அதே காரணத்தால், அடுக்குகளின் தடிமனைப் பொறுத்துச் சில கதிர்கள் திரும்பும், சில ஊடுருவும். தடிமனைச் சரியாக அமைத்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளி முன்னால் போகும், அகச்சிவப்பு பின்பக்கமாக வெளியேறிவிடும். தண்ணொளி ஆடி என்று பெயர் வைக்கலாம். நகைக்கடை ஷோகேஸ்களில் எரிந்த சின்ன ஹாலஜன் கிண்ண விளக்குகள் இந்த வகை. நகைமேல் வெளிச்சம், கூரைக்குள் சூடு. வண்டி விளக்குக்கு இது ஏன் வரவில்லை என்றால், விலை ஒன்று. பின்னால் தள்ளிய சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே இடமில்லை என்பது மற்றொன்று.

எல்.இ.டி. வந்தபின்

எல்.இ.டி.யின் முன்பக்க ஒளியில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. அதன் சூடு முதுகுப்பக்கம் அலுமினியத் துடுப்புகள் வழியாகப் போய்விடும். ரிஃப்ளெக்டர் நிம்மதியாக இருக்கும். அப்படியானால் பழைய ஹாலஜன் கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பை மாட்டிவிடலாமே? நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வெளிச்சம் வெள்ளையாக, அதிகமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்தக் கிண்ணம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் மெல்லிய இழைக்காக வளைக்கப்பட்டது. எல்.இ.டி. சில்லின் இடமும் அகலமும் அதற்குப் பொருந்துவது அரிது. மில்லிமீட்டர் கணக்கு மறுபடி குறுக்கே வந்து நிற்கும். நான்குவழிச் சாலையில் எதிரே வருபவர் திட்டுவது கேட்காது, அவ்வளவுதான். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்கு வேறு, மாட்டிவைத்த எல்.இ.டி. வேறு.

கரிசல் காட்டு விளக்குக்கு

இந்த வறண்ட பூமியில் ரிஃப்ளெக்டருக்கு வெளியிலிருந்தும் எதிரிகள் உண்டு. விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அணைத்ததும் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு இரவும் விளக்கு இப்படி மூச்சு விடுகிறது. அந்த மூச்சோடு கரிசல் தூசியும் விடிகாலைப் பனியின் ஈரமும் உள்ளே போகும். கரிசல் மண் பொதுவாகக் காரத்தன்மை கொண்டது. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது.

இதைத் தடுக்கத்தான் பல்பின் பின்பக்கம் ஒரு ரப்பர் மூடி வைத்திருக்கிறார்கள். பல்பு மாற்றும் அவசரத்தில் தொலைந்துபோகும் முதல் பொருள் அதுதான். தொலைந்தால் புதிது வாங்கிப் போடுங்கள், சின்னச் செலவு. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், விரல் பிசுக்கு அந்தச் சூட்டில் கண்ணாடியையே கெடுக்கும். ரிஃப்ளெக்டரின் உள்ளே துணி விட்டுத் துடைக்காதீர்கள், சோப்பும் வேண்டாம். தூசி அதிகம் என்றால் கழற்றிச் சுத்த நீரால் அலசிக் கவிழ்த்து நிழலில் காயவிடுங்கள், அவ்வளவு போதும். வாட் கூடிய பல்பு எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

வெளிச்சம் குறைந்ததாகத் தோன்றினால், பல்பைக் கழற்றி அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்துக் கிண்ணத்தின் மேல்பாதியைப் பாருங்கள். அங்கே சாம்பல் திட்டு விழுந்திருந்தால் பல்புக் கடைக்குப் போய்ப் பயனில்லை. ரிஃப்ளெக்டரை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.